மேப் ரூம் வாசலில் இரண்டாவது ஜோடி

“இன்னைக்கு ரூம் கேப்பீங்க. நாளைக்குப் பாய் கேப்பீங்க. அதுக்கு மறுநாள் மணி கட்டித் தொங்கவிடச் சொல்வீங்க. இது என்ன கவர்மென்ட் பள்ளிக்கூடமா, வேற ஏதாவதா?”

“மணி ஏற்கெனவே தொங்குது சார். பீரியடுக்குப் பீரியட் அடிக்கிறாங்க.”

“கிண்டலா?”

“உங்க அளவுக்கு எனக்கு வராது. நான் கேக்கறது ஒண்ணுதான். பந்து விளையாட இடம் இருக்கு. மரத்தடியில உக்காந்து அடுத்தவங்க கதை பேச இடம் இருக்கு. ஒரு பொண்ணு கொஞ்ச நேரம் கண்ணை மூடி உக்கார மட்டும் இடம் இல்லையா?”

“கண்ணை மூடத்தான் வீடு இருக்கே!”

“மத்தியானம் வீட்டுக்கு எங்க விடறீங்க? கேட்டைப் பூட்டித்தானே வெச்சிருக்கீங்க!”

தலைமையாசிரியை ஸ்கேலால் மேஜையைத் தட்டினார். பிள்ளைகளை அடக்கிப் பழகிய தட்டு. பெற்றோரிடம் அது எடுபடவில்லை. “கொஞ்சம் மெதுவா. பக்கத்து ரூம்ல பரீட்சை நடக்குது,” என்றார். பக்கத்து அறையில் ஒரு தாள் புரளும் சத்தம்கூட இல்லை. அங்கிருந்த மொத்த வகுப்பும் பேனாவை மூடி வைத்துவிட்டு எங்கள் சண்டையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது என்று என் மகன் பிற்பாடு சொன்னான். அந்தப் பரீட்சையில் அவன் வாங்கிய மார்க்குக்கு அதுதான் காரணம் என்றும் சொன்னான்.

முதலில் கத்தியவர் மருந்துக்கடைக்காரர். ஊரில் அவருக்குப் பெயர் டோஸ். காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டுப் போனால் மாத்திரை ஒரு பங்கு, திட்டு இரண்டு பங்கு கிடைக்கும். சாமி, பூதம், ராசி, சகுனம் எதையும் கடை வாசலுக்குள் விடாத மனிதர். பதில் சொன்னவர் பஸ் டிரைவர். வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் உதடு அசையாமல் ஒரு வேண்டுதல் சொல்லாமல் சாவியைத் திருப்ப மாட்டார். பள்ளியின் பெற்றோர் குழுவில் இவர்கள் இருவரையும் தவிர பேக்கரி அக்காவும் நானும். நான் பள்ளிக்கு எதிர் வரிசையில் மாடியில் தையல் மிஷின் போட்டிருப்பவள். சீருடையில் பாதி என் கையால் போனதுதான். குழுவில் என்னைச் சேர்த்ததற்கு என் மகன் ஒரே வகுப்பில் இரண்டாவது வருஷமாகக் குடியிருந்ததும் ஒரு காரணம்.

டிரைவர் வீட்டார் எந்த மதம், பேக்கரி அக்கா எந்தச் சாமி என்று கேட்காதீர்கள். எல்லாப் பக்கமும் என்னிடம்தான் துணி தைக்கக் கொடுக்கிறது.

விஷயம் இதுதான். டிரைவர் வீட்டில் பெண் பிள்ளை பெரியவளானால் மத்தியானப் பிரார்த்தனையை விடக் கூடாது. அவர் மகள் அதற்காக மதிய இடைவேளையில் வீட்டுக்கு ஓடிப்போய் ஓடி வருவாள். யாரோ இரண்டு தடியன்கள் இடைவேளையில் வெளியே போய்த் திரும்பி வராததால் கேட்டுக்குப் பூட்டு விழுந்தது. பூட்டு விழுந்ததும் அந்தப் பெண்ணுக்குப் போக்கிடம் இல்லை. தலைமையாசிரியை யோசித்து, பக்கவாட்டு வராந்தாவின் கடைசியில் இருந்த மேப் ரூமைத் திறந்துவிட்டார். சுருட்டிய தேசப் படங்கள், ஒரு பக்கம் நசுங்கிய பூமி உருண்டை, துணி போர்த்திய ஏதோ சாமான்கள், நடுவில் கொஞ்சம் தரை. யார் வேண்டுமானாலும் போகலாம். சத்தம் கூடாது, படம் மாட்டக் கூடாது, எதையும் விட்டுவிட்டு வரக் கூடாது. செருப்பை மட்டும் வெளியே விட வேண்டும்.

அந்தச் செருப்பில்தான் வினை வந்தது.

“மேடம், ரூமைப் பத்தி அப்புறம் பேசலாம். அங்க ரெண்டு ஜோடி கெடக்குதாமே, அதைச் சொல்லுங்க,” என்றார் பேக்கரி அக்கா. அவருக்கு மேப் ரூமில் தன் பக்கத்துச் சாமி படம் ஒன்றை மாட்ட வேண்டும். இல்லையென்றால் ரூமையே பூட்ட வேண்டும். நடுவில் ஒரு நிலை அவருக்கு எந்த விஷயத்திலும் கிடையாது.

“ரெண்டு ஜோடியா?” என்றார் டிரைவர். “எங்க பொண்ணு மட்டும்தானே போறா?”

“எதிர் மாடியில இருந்து தையல்காரம்மாவே பாத்திருக்காங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பொத்தானுக்குக் காஜா எடுக்கும்போது கண் ஓய்வுக்காக வெளியே பார்ப்பேன் என்றேன். உண்மைதான். அந்த வருஷம் என் கண்ணுக்கு ஓய்வு நிறையத் தேவைப்பட்டது. மத்தியான மணி அடித்துச் சற்று நேரத்தில் அந்தக் கதவு வாசலில் இரண்டு ஜோடி கறுப்புச் செருப்பு ஒட்டி நிற்கும். ஆட்கள் வரும்போது வராந்தாத் தூண் மறைத்துவிடும். முதல் ஜோடி டிரைவர் மகளுடையது. இரண்டாவது யாருடையது என்று தெரியாமல் நான் ஒரு சட்டைக்குக் கையைத் திருப்பித் தைத்திருக்கிறேன்.

டோஸுக்கு மூச்சு வாங்கியது. “நான் பயந்தது இதுதான். ஒரு பிள்ளை போவா, பின்னாடியே இன்னொரு பிள்ளையைக் கூட்டிட்டுப் போவா. போறவ நல்லவ, போகாதவ கெட்டவன்னு நாளைக்கு ஒரு பிரிவு வரும். யார் பெத்த பிள்ளையோ பாவம்! பெத்தவனுக்குத் தெரியுமா இது?”

“எங்க பொண்ணு யாரையும் இழுத்துட்டுப் போற ஆளு இல்ல சார்,” என்றார் டிரைவர். இப்போது அவர் குரல் இறங்கியிருந்தது. “அவளே தன் நிழலுக்குப் பயப்படுவா. பசங்க முயல்னுதான் கூப்பிடறாங்க. நான் நேராவே சொல்லிடறேன். ரூம் இல்லேன்னா அவளை எங்க ஆளுங்க நடத்துற பள்ளிக்கூடத்துல சேத்துடுவேன். தங்கிப் படிக்கிற இடம். அங்க வணக்கத்துக்குக் குறை இல்ல. ஆனா சயின்ஸ் இல்ல. தையலும் சமையலும்தான்.” என் பக்கம் திரும்பி, “தப்பா நெனைக்காதீங்க அக்கா,” என்றார்.

நான் நினைக்கவில்லை. அந்த முயல் பெண்ணை எனக்குத் தெரியும். சீருடைக்கு அளவு கொடுக்கும்போதுகூட உதட்டுக்குள் ரசாயனப் பாடத்தை ஓட்டிக்கொண்டிருப்பாள். மருந்துப் படிப்பு படிக்க வேண்டும் என்று ஆசை. அவளைக் கொண்டுபோய்த் தையலில் உட்கார வைத்தால் அவளுக்கும் கேடு, தையலுக்கும் கேடு.

ஓட்டெடுப்பு வைக்கலாம் என்றார் தலைமையாசிரியை. டோஸ் கையைத் தூக்கி நிறுத்தினார். “மொதல்ல அந்த ரெண்டாவது பிள்ளை யாருன்னு தெரியணும். அப்புறம் ஓட்டு.”

“அந்தப் பொண்ணையே கூப்பிட்டுக் கேட்டுடலாமே,” என்றார் பேக்கரி அக்கா.

தலைமையாசிரியை சுவரைக் காட்டினார். அங்கே கண்ணாடி போட்டு ஒரு சட்டம் தொங்கியது. பள்ளிக்குள் எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையிடமும் சாமி கும்பிடுகிறாயா, எதைக் கும்பிடுகிறாய், ஏன் கும்பிடவில்லை என்று கேட்கக் கூடாது.

அதைக் கொண்டுவந்தவர் சாட்சாத் டோஸ்தான். முந்தின வருஷம் காலைக் கூட்டத்தில் மௌனமாக நிற்கும் நேரத்தில், கண்ணை மூடாமல் நின்ற அவர் மகளிடம் ஒரு டீச்சர், “உங்க வீட்ல எந்தச் சாமியுமே கிடையாதா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். பிள்ளை அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். டோஸ் கடையைச் சாத்திவிட்டு வந்து, மேலதிகாரி வரை போய், சட்டம் போட வைத்து, கண்ணாடிச் செலவையும் தானே ஏற்றுக்கொண்டார்.

அவர் சுவரில் தொங்கிய தன் சட்டத்தைப் பார்த்தார். “கேக்கத்தான் கூடாது. பாக்கக் கூடாதுன்னு அதுல இல்ல,” என்றார்.

மறுநாள் மத்தியானம் வந்துவிட்டார். கடையில் போடும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வராந்தாவின் இந்தக் கோடியில் தண்ணீர்க் குழாயைச் சோதிப்பவர் மாதிரி குனிந்தும் நிமிர்ந்தும் நின்றார். நான் மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வந்தேன். மணி அடித்தது. பிள்ளைகள் கூட்டமாக வந்து அவரை மறைத்தார்கள். கூட்டம் கலைந்தபோது கதவு சாத்தியிருந்தது. வாசலில் வழக்கம் போல இரண்டு ஜோடி.

டோஸ் மெதுவாக நடந்து போனார். பள்ளிச் செருப்பு என்றால் எல்லாம் ஒரே கடை, ஒரே கறுப்பு. அதில் யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பார் என்று எனக்குச் சிரிப்பு. அவரும் அதையே யோசித்திருப்பார் போல. குனிந்து இரண்டாவது ஜோடியில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

அப்படியே நின்றுவிட்டார்.

அடிப்பாகம் பிளந்த செருப்பு அது. பிளந்த இடத்தில் குறுக்கே, காயத்துக்கு ஒட்டுகிற பழுப்பு நிறப் பிளாஸ்திரி இரண்டு வரிசை, ஓரம் மடித்து, மூலை வெட்டி, மருந்துக்கடைக்காரன் ஒட்டினால் மட்டும் வருகிற நேர்த்தியோடு ஒட்டியிருந்தது. புதுச் செருப்பு வாங்கித் தர மனசு வராமல் முந்தின வாரம் அவரே தன் கையால் மகளுக்கு ஒட்டிக் கொடுத்தது. ஒட்டும்போது அவர் அதற்கும் ஒரு டோஸ் விட்டிருப்பார்.

கதவைத் தட்டக் கையை ஓங்கினார். எங்கிருந்தோ தலைமையாசிரியை வந்துவிட்டார். அந்த அம்மாள் நடந்தால் சத்தம் வராது. முப்பது பிள்ளைகளைக் காப்பியடிக்கும்போது பிடிக்கப் பழகிய நடை.

“சார், என்ன செய்யப் போறீங்க?”

“உள்ள இருக்கறது எம் பொண்ணு.”

“இருக்கட்டும். கூப்பிட்டு என்ன கேப்பீங்க?”

டோஸ் ஓங்கிய கையை இறக்கினார். இவ்வளவும் தெருவைத் தாண்டி எனக்கு எப்படிக் கேட்டது என்றால், நான் அதற்குள் அறுந்த பொத்தான் ஒன்றைப் பள்ளியில் கொடுக்க வேண்டிய அவசரம் வந்து கேட் வரை வந்திருந்தேன்.

“நான் அவ அப்பன், மேடம்.”

“பெரியவர்னுதான் எழுதியிருக்கு சார். அப்பா மட்டும் கேக்கலாம்னு சேத்துக்கலாமான்னு நான் அன்னைக்கே கேட்டேன். வேண்டாம், அப்பன்தான் மொதல்ல தொல்லை குடுப்பான்னு நீங்கதான் சொன்னீங்க.”

அவர் செருப்பை இருந்த இடத்தில், இருந்த மாதிரியே, மற்றதோடு முனை சேர்த்து வைத்தார். பிறகு வெயிலில் இறங்கி நடந்தார். கடையைத் திறக்கவில்லை. இருமல் மருந்துக்கு வந்த ஆள் இருமிக்கொண்டே திரும்பிப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெருவில் நாலு கதை உலவியது. மதம் மாற்றுகிறார்கள் என்பது பேக்கரி அக்காவின் கதை. காதல் விவகாரம், உள்ளே மூன்றாவதாக ஒரு பையன் ஜன்னல் வழியாக வருகிறான் என்பது சலவைக் கடையில் கேட்டது. அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. அப்பாவைப் பழிவாங்குகிறாள் என்றார் ஒருவர். பரீட்சைக்குப் பயந்து எல்லாச் சாமிக்கும் மனு போடுகிறாள் என்றார் இன்னொருவர். எனக்கு எதிலும் திருப்தி இல்லை. நல்ல வதந்தி என்றால் தையல் பிரியாமல் நிற்க வேண்டும். இவை எல்லாம் இழுத்த இழுப்பில் பிரிந்தன.

மறுநாள் டோஸின் மனைவி பாவாடைக்கு நாடா கோர்க்க வந்தார். நாடா கோர்க்க அந்த அம்மாளுக்கே தெரியும்.

“ராத்திரி சாப்பாட்டுல இருந்து இதே கூத்து அக்கா. அவளைப் பாக்கறார். தட்டைப் பாக்கறார். மறுபடி அவளைப் பாக்கறார். ‘ஸ்கூல்ல இன்னைக்கு என்ன விசேஷம்?’ங்கறார். அவ ‘ஒண்ணும் இல்லப்பா’ங்கறா. ‘மத்தியானம் எங்க சாப்பிட்டே?’ங்கறார். நான் குறுக்க போய், ‘கேக்கணும்னா நேரா கேளுங்க, இது வீடுதானே’ன்னேன். அதுக்கு என்ன சொன்னார் தெரியுமா? ‘கேட் தாண்டினா மாறுறதுக்குப் பேரு கொள்கையா?’ன்னு எனக்கு ஒரு டோஸ்.”

“நீங்களாவது கேட்டீங்களா?”

“நான் கேட்டு, அவ சொல்லி, நான் அவர்கிட்ட சொல்லாம இருக்கணுமே. என்னால ஆகுமா? அதான் கேக்கல.”

அந்த வீட்டில் அந்த வாரம் பூராவும் மூன்று பேரும் வானிலையைப் பற்றிப் பேசினார்களாம்.

வெள்ளிக்கிழமை ஓட்டெடுப்பு. தலைமையாசிரியையின் அறையில் அதே நாற்காலிகள். டிரைவர் சீருடையோடு வந்திருந்தார். வெளியே அவர் பஸ் பயணிகளோடு காத்து நின்றது. முயல் வராந்தாவில் தூணோடு தூணாக ஒட்டி நின்றாள். பக்கத்தில் டோஸின் மகள், குட்டி டோஸ், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவை நேராகப் பார்த்தாள். அப்பாதான் நேராகப் பார்க்கவில்லை.

டிரைவர் ரூம் வேண்டும் என்றார். நான் வேண்டும் என்றேன். பேக்கரி அக்கா, “படம் இல்லாம வெறும் ரூமா? பூட்டுங்க,” என்றார். சமமாக வந்தால் பூட்டிவிடுவேன் என்று தலைமையாசிரியை முதலிலேயே சொல்லியிருந்தார். மேலிடத்தில் இருந்து ஒரு கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியது அவர்தான். ஆக, மிச்சம் இருந்தது ஒரே ஓட்டு. ஊரில் யாரைக் கேட்டாலும் அது எந்தப் பக்கம் விழும் என்று தூக்கத்தில் சொல்வார்கள்.

டிரைவர் எழுந்துவிட்டார். “சரி சார். நான் அங்க இடம் பேசி வெச்சிருக்கேன். திங்கக்கிழமை கூட்டிட்டுப் போயிடறேன்,” என்று தொப்பியை எடுத்தார். அவர் முகம் ஜெயித்தவர் முகமாகவும் இல்லை, தோற்றவர் முகமாகவும் இல்லை. மகளுக்கு நல்லது செய்கிறோமா என்று தெரியாதவர் முகமாக இருந்தது.

“உக்காருங்க. நான் இன்னும் வாயே தொறக்கல,” என்றார் டோஸ்.

அவர் எழுந்து, கடையில் மருந்துச் சீட்டைப் படிப்பது மாதிரி சுவரில் தொங்கிய சட்டத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒரு தடவை படித்தார்.

“இதை எழுதும்போது கும்பிடாத பிள்ளைக்காகத்தான் எழுதினேன். கும்பிடற பிள்ளை என் ஞாபகத்துல இல்ல. எதுக்குப் போகுதுன்னு நமக்குத் தெரியாத பிள்ளையும் இல்ல.” சுவரை விட்டு எங்கள் பக்கம் திரும்பினார். “கேக்கக் கூடாதுன்னா, கதவைச் சாத்திக்க ஒரு எடம் இருக்கணும். எடத்தையும் பூட்டிட்டுக் கேக்க மாட்டேன்னு சொன்னா, அது என்ன பெரிய சட்டம்? ரூம் இருக்கட்டும்.”

பேக்கரி அக்கா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். “நீங்களா பேசறீங்க?”

“நான்தான். ஆனா படம் கெடையாது, பாட்டு கெடையாது, பாய் கெடையாது. ஒரு மணி தொங்கினாலும் மொதல்ல நான்தான் வந்து கழட்டுவேன்.”

“செருப்பு சார்?” என்றேன், வாய் சும்மா இருக்காமல்.

அவர் என்னை முறைத்தார். “செருப்பை உள்ள எடுத்துட்டுப் போகட்டும். எதிர்ல கண்ணு சரியில்லாதவங்க இருக்காங்க.”

டிரைவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கப் போய், எண்ணெய்க் கை என்று பின்வாங்கி, கடைசியில் குலுக்கியே விட்டார். வெளியே பஸ்ஸில் இருந்தவர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் நஷ்டம். அன்று முதல் அந்தக் கதவு வாசல் துடைத்து வைத்தது மாதிரி இருந்தது.

அப்புறம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். தலைமையாசிரியை மாற்றலாகிப் போய் அங்கேயே ஓய்வு பெற்றார். பேக்கரி அக்காவின் மகன், படம் மாட்டாத வீட்டில் பெண் எடுத்து மாமியார் வீட்டோடு போய்விட்டான். குட்டி டோஸுக்குக் கல்யாணம் கூடியது, பதிவு அலுவலகத்தில். உடுப்பு தைக்க என்னிடம்தான் வந்தாள். கையைத் தூக்கி, அசையக் கூடாது என்று நிற்க வைத்தால் யாரும் எதையும் சொல்லிவிடுவார்கள். அளவு நாடாவுக்கு அப்படி ஒரு சக்தி.

“இது பள்ளிக்கூடம் இல்ல, நான் கேக்கலாம். மேப் ரூம்ல என்னதான் பண்ணினே?”

அவள் சிரித்ததில் நாடா நழுவியது. “காவல் இருந்தேன் அக்கா. அந்த ரூம்ல துணி போர்த்தி வெச்சிருந்தாங்களே, அது சயின்ஸ் லேபோட எலும்புக்கூடு. கண்ணை மூடினா அது துணியை விலக்கிட்டு வந்துடும்னு முயலுக்குப் பயம். அதான் அவ கும்பிடுவா, நான் எலும்புக்கூட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்.”

“அவ்வளவுதானா?” எனக்குப் பெரிய ஏமாற்றம்.

“அவ்வளவுதான். ஒரே ஒரு நாள் தவிர.”

நாடாவை இடுப்பில் இறுக்கினேன்.

“அந்த வெள்ளிக்கிழமை மட்டும் நானும் கண்ணை மூடிப் பாத்தேன். யாரைக் கூப்பிடணும்னு எனக்குத் தெரியல. யார் அந்தப் பக்கம் இருந்தாலும் சரின்னு, அப்பா ரூமுக்கு ஓட்டுப் போடணும்னு வேண்டிக்கிட்டேன்.”

“அடிப்பாவி!”

“அவரும் போட்டுட்டார். அவரா யோசிச்சுத்தான் போட்டார், எனக்குத் தெரியும். ஆனாலும் இதை அவர்கிட்ட எப்படிச் சொல்றது? பாவம், அவரோட ஓட்டை வேற யாரோ போட்டுட்டாங்கன்னு ஆயிடும்.”

“அவர் கேக்கவே இல்லையா?”

“இன்னைக்கு வரைக்கும் இல்ல.”

அவள் கல்யாணமாகி, விமானம் ஏறிப் போகும் தூரத்துக்குப் போய்விட்டாள். டோஸ் போன மாதம் கால்சட்டை ஓரம் மடிக்கக் கொடுக்க வந்து, கொடுத்த பிறகும் நின்றார். “அளவெடுக்கறப்போ அவ ஏதாவது…” என்று ஆரம்பித்து, “மழை வரும்போல இருக்கு,” என்று முடித்தார். நானும் வரும்போலத்தான் இருக்கிறது என்றேன். முயல் மருந்துப் படிப்பு முடித்து, தன்னைப் போலவே மத்தியானப் பிரார்த்தனை தவறாத ஒருவரைக் கட்டிக்கொண்டு, துறைமுகப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலையாக இருக்கிறாள். அங்கே எலும்புக்கூடு வைத்திருக்கும் மாடிக்கு மட்டும் இன்னும் தனியாகப் போவதில்லையாம். கீழ்த்தளத்தில் வேலை பார்க்கும் புருஷனைக் கூப்பிட்டுக்கொள்கிறாளாம்.